அரசவைப் புகைப்படக்காரரின் 2,857 கண்ணாடித் தகடுகள்

புது தில்லி: 1857 எழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் லக்னோ வந்த ஃபெலிஸ் பியாட்டோ, சிக்கந்தர் பாக் முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடந்த காட்சியை 1858-ல் படமெடுத்தார். வென்றவர்களின் பக்கம் நின்று பார்த்த கேமரா அது. ஒரு தலைமுறைக்குள் அதே கருவி இந்தியர் ஒருவரின் கைக்கு வந்தது. அவர்தான் லாலா தீன் தயாள்.

மீரட் அருகேயுள்ள சர்தானாவில் 1844-ல் பிறந்த அவர், ரூர்க்கி தாம்சன் கல்லூரியில் பொறியியல் பயின்று, இந்தூரில் அரசின் பொதுப்பணித் துறையில் வரைவாளராகச் சேர்ந்தார். 1870-களில் புகைப்படக் கலையில் இறங்கினார். மத்திய இந்தியாவின் கோட்டைகளையும் கோயில்களையும் அவர் எடுத்த படங்கள் 1886-ல் லண்டனில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் ஆசிரியராக அறியப்படுபவரோ ஆங்கிலேய அதிகாரி சர் லெபல் கிரிஃபின்.

பின்னர் ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரராகி, 'ராஜா பகதூர் முசவ்விர் ஜங்' என்ற பட்டமும் பெற்றார். பர்தா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்கென 1892-ல் ஹைதராபாதில் தனி ஸ்டூடியோ அமைத்தார். அங்கு படமெடுத்தவரும் பெண்ணே. 1897-ல் விக்டோரியா அரசியின் அங்கீகாரமும் கிடைத்தது.

வைஸ்ராய்களின் வருகை, வேட்டை, விருந்து, ராணுவ அணிவகுப்பு ஆகியவையே அவரது படங்களில் மிகுதி. ஆட்சியாளர்கள் தங்களை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினார்களோ அவ்வாறே அவர்கள் அவற்றில் தோன்றுகின்றனர். எனினும், நிஜாம் ஆட்சியில் ஔரங்காபாத் பகுதியில் நடந்த பஞ்ச நிவாரணப் பணிகளையும் அவரது நிறுவனம் பதிவு செய்தது. விருந்து மண்டபமும் பஞ்சத்தில் வாடிய மக்களும் ஒரே நிறுவனத்தின் தொகுப்பில் இடம்பெறுவது, அக்கால இந்தியாவை அறிய விரும்புவோருக்குக் கிடைத்த அரிய சான்றாகும்.

தீன் தயாள் 1905-ல் காலமானார். பிரபுக்களுக்காக அச்சிடப்பட்ட ஆல்பங்கள் பல கடல் கடந்தன. நிஜாம் ராஜ்ஜியக் காட்சிகள் அடங்கிய ஆல்பம் ஒன்று, கர்சன் பிரபுவின் சேகரிப்பில் ஒன்றாக லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஆனால், மூலங்களான கண்ணாடி நெகட்டிவ்கள் பெருமளவு இந்தியாவிலேயே தங்கின. அவற்றில் 2,857 தகடுகளை தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-ல் விலைக்கு வாங்கியது. 2006-ல் அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. 2010-ல் கலை மையம் அப்படங்களைக் கண்காட்சியாக வைத்தது.

கண்ணாடித் தகடு கை தவறினால் உடையும். ஈரப்பதம் மிகுந்தால் அதன் மேற்பூச்சு உரியும். ஆகவே பாதுகாப்பு என்பது பூட்டி வைப்பதோடு முடிவதன்று. மின்னணுப் பிரதிகளாக்கி, இடம், ஆண்டு, படத்திலுள்ளோர் பற்றிய விவரங்களுடன் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் எளிதில் கிடைக்கச் செய்வதே முழுமையான பாதுகாப்பு. மன்னர்களும் வைஸ்ராய்களும் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட படங்கள், பொதுப் பணத்தில் வாங்கப்பட்டபோதே மக்களின் சொத்தாகிவிட்டன.