காட்டாமணக்கும் டீசலும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

காட்டாமணக்கை அறியாத தோழியர் நம் பள்ளியில் இருக்க மாட்டார்கள். இலைக் காம்பை ஒடித்து, வடியும் பாலில் குமிழி ஊதி விளையாடியிருப்போம். ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் வரப்பில் வேலியாகவும் நடுவார்கள். இந்த வேலிச் செடியின் விதையைக் கொண்டு லாரி ஓட்டலாம் என்று நாடே நம்பிய காலம் ஒன்று உண்டு. லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் வாழும் நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தாவர எண்ணெயில் எந்திரம் ஓடுவது புதுமையன்று. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எந்திரத்தைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினர். ஆனால் கடலை எண்ணெயை லாரிக்கு ஊற்றிவிட்டால் வீட்டில் எதைக் கொண்டு தாளிப்பது? ஆகவேதான் உணவுக்கு உதவாத காட்டாமணக்கு, புங்கம் போன்ற விதைகளை நாடினர்.

ஆட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாது. டீசலைவிட அது பத்து மடங்குக்கும் மேல் குழகுழப்பானது. எந்திரத்தில் எரிபொருளைத் தூவும் நுண்துளைகளை அடைத்துவிடும். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கிளிசரினோடு பிணைந்துள்ளன. 100 கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழ 11 கிலோ மெத்தனாலும் சிறிதளவு சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து, 60 டிகிரி சூட்டில் கலக்கினால், சங்கிலிகள் பிரிந்து மெத்தனாலோடு சேர்கின்றன. கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதைக் கழுவி உலர்த்தினால் பயோடீசல். (மெத்தனால் கொடிய நஞ்சு. யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!)

2002 டிசம்பர் 31 அன்று, 5 விழுக்காடு பயோடீசல் கலந்து டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை ஓட்டினர். 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு, 1.12 கோடி எக்டேரில் காட்டாமணக்கு நட்டு, 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு கலக்கலாம் என்றது. செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோ விதை என்பது அதன் கணக்கு.

நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ நான்கு கிலோ விதை வேண்டும். பாரம் ஏற்றிய லாரி ஒரு லிட்டரில் சுமார் நான்கு கிலோமீட்டர் ஓடும். ஆக, ஒரு கிலோ விதைக்கு ஒரு கிலோமீட்டர். இங்கிருந்து சேலம் செல்ல, 35 செடிகளின் ஓராண்டு விளைச்சல் போதும்!

ஆனால் செடி அந்தக் கணக்குப்படி காய்க்கவில்லை. ராசிபுரம் பக்கம் எங்கள் அப்புச்சி இரண்டு ஏக்கர் மானாவாரிக் கடலைக் காட்டில் இதை நட்டாராம். கன்று விற்றவர்கள் தண்ணீரே வேண்டாம் என்றார்களாம். செடி பச்சையாய் நின்றது, காய்தான் இல்லை. காய்த்த கொஞ்சமும் ஒரே சமயத்தில் பழுக்காததால் பலமுறை ஆள் விட்டுப் பறிக்க வேண்டியிருந்தது, கூலிக்குக்கூடக் கட்டவில்லை. நான்காம் ஆண்டு பிடுங்கிவிட்டு மறுபடி கடலை போட்டார். “செடி சாவுல கண்ணு, அவ்வளவுதான்” என்பார்.

வறட்சியில் உயிர் பிழைப்பது வேறு, காய்த்துக் கொட்டுவது வேறு. எண்ணெய் நிறைந்த விதையை உண்டாக்கச் செடிக்கு நீரும் உரமும் வேண்டும். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வும், எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு என்றும், ஏழை உழவரே மிகுதியாக நலிந்தனர் என்றும் கண்டது. பிண்ணாக்கையாவது கோழித் தீவனத்துக்கு விற்கலாமென்றால், அதிலும் நஞ்சு. உரமாக இடலாம், அவ்வளவே. 2012 வந்தது. இலக்கின் அருகில்கூட நாடு செல்லவில்லை.

என் எண்ணத்தில் புங்கமரமே மேல். சாலையோரத்தில் நிழலாகவும் நிற்கும். வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். ஆனால் நன்கு காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அதன் எண்ணெயில் அமிலமும் மிகுதி. முதலில் பக்குவப்படுத்தாவிட்டால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும்.

2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் 5 விழுக்காடு என்று இலக்கைக் குறைத்துக்கொண்டது. மரவிதைகளோடு, சமைத்து மீந்த எண்ணெயையும் அது கணக்கில் சேர்த்துள்ளது. பஜ்ஜிக் கடையிலும் வறுவல் கடையிலும் திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயையும், வடிகட்டிப் பக்குவம் செய்தபின், அதே மெத்தனால் முறையில் பயோடீசலாக மாற்றுகிறார்கள். அதற்காக யாரும் கடலைக் காட்டை விட வேண்டியதில்லை.