லாயத்தில் தொடங்கும் சவாரி

குதிரையேற்றத்தை முறையாகக் கற்பிக்கும் பள்ளிகள் மாணவரின் தேர்ச்சியைப் படிநிலைகளாகப் பகுத்து அளக்கும்போது, சேணத்தின் மேல் காட்டும் திறனையும் லாயத்தில் காட்டும் அக்கறையையும் ஒரே ஏணியின் இரு கால்களாகவே வைக்கின்றன. 1929இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட போனி கிளப் என்னும் இளையோர் அமைப்பின் தேர்வுகள் இ என்ற எழுத்தில் தொடங்கி டி, சி, பி என ஏறி ஏ என்ற எழுத்தில் முடிகின்றன. அவற்றில் சவாரியோடு தீவனம், குளம்பு, நோய்க்குறி ஆகியவை பற்றியும் மாணவர் விடை சொல்ல வேண்டும். நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் சான்றிதழ்கள் இதற்கு எதிர்த்திசையில் ஏ, பி, சி என ஏறுகின்றன. அப்படையில் குதிரைப் பயிற்சிக்கென்றே ஒரு பிரிவு கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி இயங்குவது, சவாரியும் பராமரிப்பும் பிரிக்க முடியாதவை என்பதற்கு நல்ல அடையாளம். எழுத்துகளின் வரிசை எதுவாயினும் ஏணியின் முதல் படி தரையில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் நேரும் இழப்புக்குக் கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே, ஒரு பழைய சான்று உண்டு.

இன்று பழையகாயல் எனப்படும் ஊரையே 13ஆம் நூற்றாண்டின் காயல் துறைமுகமாக ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கின்றனர். ஓர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று எழுதுகிறார். 1292ஆம் ஆண்டையொட்டி இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பதே காரணம் என்றும் குறித்தார். விற்பனை குறையக் கூடாது என்பதற்காக, குதிரை வைத்தியம் அறிந்தவர்களை வணிகர்கள் தங்கள் நாடுகளிலிருந்து வரவிடவில்லை என்றும் அவர் சொல்கிறார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் கட்டிப்போட்டு வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள் என்றும், பின்னர் பழக்காமலே, அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டினார்கள் என்றும் வஸ்ஸாஃப் விவரிக்கிறார். இவை விற்பவர் பக்கத்துச் செய்தியைக் கேட்டெழுதிய வெளியூரார் கூற்றுகள் என்பதையும், நீண்ட கடற்பயணமும் கடற்கரையின் ஈரவெப்பமும் குதிரைகளை வாட்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் அன்போடு ஊட்டிய தவறான உணவும், ஓய்வுக்குப் பின் திடீரெனச் சுமத்திய உழைப்பும் குதிரையைக் கொல்லும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவமும் அப்படியே ஒப்புக்கொள்கிறது.

ஆகவே தொடக்க நிலை மாணவர் முதலில் கற்பது குதிரையை அணுகும் முறையை. கண்கள் தலையின் இரு பக்கங்களில் அமைந்திருப்பதால், மூக்கிற்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் இருப்பவை குதிரைக்குத் தெரிவதில்லை. எனவே குரல் கொடுத்துக்கொண்டே இடத்தோள் பக்கமாக நெருங்க வேண்டும். தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடித்து நடத்துவது, உடலைத் தேய்த்துவிடுவது, ஒவ்வொரு குளம்பையும் தூக்கிக் கல்லும் மண்ணும் எடுப்பது ஆகியவை அடுத்து வருகின்றன. நலமாக இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை என்பதை மாணவர் தொட்டும் எண்ணியும் அறிந்திருக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடலின் பருமனை நோக்க அதன் இரைப்பை மிகச் சிறியது. தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றுவலி உயிரைப் பறிக்கும் என்பதால், சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பது லாயத்தின் முதல் விதி.

கரிசல் காட்டில் இந்த முதல் படி மேலும் சில பாடங்களைக் கேட்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் மண் கோடையில் ஆழமாக வெடித்துப் பிளக்கும். அந்த வெடிப்பில் குளம்பு சிக்கினால் கால் முறியவோ நரம்பு பிசகவோ கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் பசைபோல் குழைந்து குளம்படியில் அப்பி, லாடத்தையே பிடுங்கிவிடும். எனவே இங்கே சவாரிக்களம் அமைப்போர் கரிசலின் மேல் சரளையும் மணலும் பரப்பாமல் பயிற்சி நடத்த முடியாது. தீவனத்திலும் மாட்டை வைத்துக் குதிரையைக் கணிக்கலாகாது. இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டென்று மாடு வளர்ப்போர் அறிவர். குதிரை பச்சைச் சோளப்பயிரைத் தொடர்ந்து மேய்ந்தால் சிறுநீர்ப்பையும் பின்னங்கால்களும் தளர்ந்துபோகும். கம்பும் சோளமும் விளைந்த நிலங்களில் இன்று பெருகியிருக்கும் மக்காச்சோளம் இன்னும் கவனத்துக்குரியது: ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை மாடு ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஆனால் குதிரைக்கு அது மூளையையே சிதைக்கும் நஞ்சு. மாட்டின் நடையில் ஒரு கால் தப்பினாலும் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும் சம்சாரியின் கண், இந்தப் படியில் நகரத்து மாணவரைவிடப் பல மாதம் முன்னதாகவே நிற்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

சேணத்தில் ஏறியபின் படிகள் குதிரையின் நடைகளைப் பின்பற்றிச் செல்கின்றன. நடையில் நான்கு அடியொலிகள் தனித்தனியே கேட்கும்; டிராட் எனப்படும் துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு ஒலிகள்; கேன்டர் என்னும் மென்பாய்ச்சலில் மூன்று; நாலுகால் பாய்ச்சலில் மீண்டும் நான்கு. தமிழில் குதிரை நடைகளை ஐங்கதி என்று பகுத்து மயூரகதி, வானரகதி என விலங்கு, பறவைகளின் பெயரிட்டு வழங்கிய மரபும், வட்டமிட்டு ஓடுவதைச் சாரி என்று சுட்டிய மரபும், இங்கும் நடையைக் கூர்ந்து நோக்கியவர்கள் இருந்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. புதிய மாணவரை ஏற்றி, ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிடுவது வழக்கம். கடிவாள வாரும் அங்கவடியும் இன்றி அமரப் பழகியவரே வாரைப் பிடித்துத் தொங்காமல் இருப்பார். வாரைப் பற்றுகோலாகக் கொள்பவர் தம் தடுமாற்றம் ஒவ்வொன்றையும் குதிரையின் வாயில் வலியாக இறக்குகிறார் என்பதால் இந்தப் படியில் அவசரம் கூடாது. துள்ளோட்டத்தின் தாளத்துக்கு எழுந்து அமர்வது, வட்டத்தின் உட்பக்க முன்னங்கால் முந்தும்படி மென்பாய்ச்சலைத் தொடங்கச் செய்வது, தரையில் கிடத்திய கம்புகளைத் தாண்டிப் பின்னர் சிறு தடைகளைத் தாண்டுவது ஆகியவை இடைநிலைப் படிகள்.

மேல்நிலையில் மாணவர் பழகிய குதிரையின் தயவில் சவாரி செய்வதில்லை, குதிரையையே பழக்குகிறார். ஜெர்மானிய மரபில் இதற்கு ஆறு படிகள் வகுக்கப்பட்டுள்ளன: சீரான தாளம், இறுக்கமற்ற தசை, கடிவாளத்தோடு மென்தொடர்பு, பின்னங்கால்களின் உந்துவிசை, உடலின் நேர்நிலை, உடலைத் திரட்டிக்கொள்ளல். 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்ற டிரஸாஜ் போட்டியில் நடுவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். மூன்று, நான்கு வயதில் முதன்முதலாகச் சேணம் ஏற்கும் குதிரையின் முதுகெலும்பு முழு வளர்ச்சி அடைய ஐந்து வயது கடந்துவிடும். கடைசிப் படியான திரட்சியை எய்தப் பல ஆண்டுகள் ஆகும். அத்தகைய இளங்குதிரை ஒப்படைக்கப்படும் நாளில், ஏணியின் உச்சிக்கு வந்துவிட்ட மாணவர் சேணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, தலைக்கயிற்றோடு அதன் இடத்தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குகிறார்.