முதல் மனை வாங்கப் போறீங்களா?

ப்ளேஸ்மென்ட் கிடைச்சதும் நம்ம பசங்க கேட்கிற கேள்வி: "மச்சி, ஊர்ல ஒரு மனை வாங்கிப் போடலாமா?" போடலாம். ஆனா அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு விஷயம் பாருங்க.

ஒன்று, வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். 30 வருஷத்துக்குப் பாருங்க. நிலம் யார் யார் கை மாறியது, அடமானம் பதிவாகியிருக்கா என்று தெரியும். பதிவாகாத கடன் அதில் வராது. அதனால மூலப்பத்திரத்தை ஒரிஜினலாகவே கேளுங்க.

இரண்டு, பட்டா. விற்பவர் பெயரும் சர்வே எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போகணும்.

மூன்று, டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' மட்டும் போதாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது லேஅவுட் என்றால் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்க.

நான்கு, செலவு. முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து சுமார் 9%. 10 லட்ச ரூபாய் மனைக்கு 90,000 தனியா எடுத்து வைக்கணும்.

எங்க அப்பா 2011-ல் புரோக்கர் பேச்சை நம்பி அங்கீகாரமில்லாத மனை வாங்கினார். வீடு கட்ட அனுமதியும் கிடைக்கல, வங்கிக் கடனும் கிடைக்கல. இன்னைக்கும் அங்கே சீமைக்கருவேலம்தான் வளருது. அவர் அன்னைக்குக் கேட்காத கேள்விகளைத்தான் மேலே எழுதியிருக்கேன். நீங்க கேட்டுடுங்க.