கயிறு அளந்த தண்ணீர்

சைதாப்பேட்டையில் பாட்டி வீட்டுக் கிணற்றில் ராட்டினம் ஒன்று இருந்தது. சித்திரை பிறந்தால் வாளி தண்ணீரைத் தொடுவதற்குள் கயிறு தீர்ந்துவிடும். பாட்டி நுனியில் இன்னொரு துண்டை முடிச்சுப் போட்டு நீட்டுவார். அந்த முடிச்சு ராட்டினத்தில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுக்களை வரைக்கும் கேட்கும். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு வாளிக் குளியல்தான். பாத்திரம் அலசியது வாழை மரத்துக்கு, அரிசி களைந்த கழுநீர் பால்காரர் மாட்டுக்கு. யாரும் உத்தரவு போடவில்லை. சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

வாளி அறுந்து விழுந்தால் தெருவுக்கு ஒன்றாக இருந்த பாதாளக் கரண்டியை வாங்கி வருவோம். ஈடாக ஒரு சொம்பை வாங்கி வைத்துக்கொண்டுதான் தருவார்கள். கோடை முடிவதற்குள் ஆளை இறக்கித் தூர் வாருவார்கள். சேற்றோடு தம்ளர், கரண்டி, யாரோ தேடித் தேடி அழுத வெள்ளிக் கொலுசு எல்லாம் மேலே வரும். கிணற்றின் அடி வரைக்கும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மோட்டார் வந்தது. பாட்டியின் இடுப்பு வலிக்கு அது பெரிய வரம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பொத்தானை அழுத்துகிறவருக்குக் கயிற்றின் நீளம் தெரியாது. தொட்டி வழிந்து தெருவில் ஓடினாலும் அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஆளில்லை. பிறகு ஆழ்துளைக் குழாய் இறங்கியது, கிணற்றின் மேல் சிமென்ட் பலகை ஏறியது. வீடு இடிந்து அடுக்குமாடி வந்தபோது அந்தப் பலகை வண்டி நிறுத்துமிடமானது.

தெருக்கோடியில் அடையாறும் அப்படித்தான் கண்ணிலிருந்து போனது. வெள்ளாவி வைத்த துணியை அந்தத் தண்ணீரில் அடித்துத் துவைத்து, கரையில் உலர்த்திய சலவைத் தொழிலாளர்களுக்கு ஆறு சுத்தமாக ஓடியாக வேண்டும். அந்தத் தேவை இல்லாத நாங்கள் அதில் சாக்கடையை விட்டோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது, கரையோரக் குடிசைகள் போயின. நாலே வருடத்தில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் குடிநீர் வந்தது. மூழ்கிய ஊரும் தவித்த ஊரும் ஒன்றுதான்.

பெசன்ட் நகரில் 1990-களிலேயே வீடு வீடாகப் போய், மழைத்தண்ணீரைக் கிணற்றில் விடுங்கள் என்று கேட்டவர் சேகர் ராகவன். 2003-இல் அரசு அதைக் கட்டாயமாக்கியது. எங்கள் கட்டடத்திலும் குழாய் பதித்தோம். அடியில் இருந்த கூழாங்கல் குழி மண் மூடி அடைத்தது கூடத் தெரியாமல் பதினைந்து வருடம் இருந்துவிட்டோம். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் சிந்தியது போக ஒரு லட்சம் லிட்டருக்குமேல் பிடிக்கலாம். 12,000 லிட்டர் லாரி எட்டுக்கும் கூடுதல்.

ரயிலில் தண்ணீர் வந்த அந்த 2019 கோடையில் லாரிக்கு முன்பணம் கட்டி மூன்று நாள் காத்திருந்த பிறகுதான் பலகையை நகர்த்தினோம். உள்ளே எட்டிப் பார்த்தபோது என் கை தானாக ராட்டினத்தைத் தேடியது. தூர் வாரி, குழியைத் தோண்டிப் புதுக் கூழாங்கல் நிரப்பி, மாடிக் குழாயைக் கிணற்றோடு சேர்த்தோம். குடிக்க ஆகாது, துணிக்கும் கழிவறைக்கும் செடிக்கும் அதுதான்.

மாதம் ஒருமுறை கல் கட்டிய நைலான் கயிற்றை இறக்கி அளக்கிறோம். மாடிப்படிச் சுவரில் கரிக்கட்டியால் தேதியும் அடியும் எழுதும் வேலை காவலாளியின் மகளுக்கு. மழை விட்ட காலைகளில் அவள் முறை நாள் வரைக்கும் பொறுப்பதில்லை. "அண்ணா, ஒரு முழம் ஏறிடுச்சு!" என்று கீழிருந்து அவள் கத்துவது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கிறது.