படத்தைப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு

கார் எஞ்சின், பிரேக் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைப் பல நிறுவனங்கள் இன்று வரிவரியாக எழுதுவதில்லை. பொறியாளர்கள் சிமுலிங்க் போன்ற கருவியில் பிளாக்குகளை வைத்துக் கோடுகளால் இணைக்கிறார்கள். அந்த மாடலிலிருந்து சி மொழி நிரல் தானாகவே உருவாகிறது. படமாக இருப்பதால் பார்த்ததும் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை சிறிய மாடலுக்குப் பொருந்தும். ஆயிரக்கணக்கான பிளாக்குகள் கொண்ட மாடலைக் காப்பாற்ற, அதை எப்படிப் பிரிக்கிறோம் என்பதே முக்கியம்.

1972-இல் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் ஒரு சிறிய நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது. மற்றொன்று, பின்னாளில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைப்பது. தரவைச் சேமிக்கும் முறை மாறினால் முதல் வகையில் எல்லாக் கூறுகளையும் திருத்த வேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் திருத்தினால் போதும். சிமுலிங்க் மாடல் சிக்னல் ஓடும் வழியைக் கண்முன் காட்டுவதால், முதல் வகைக்கே நம்மை இழுக்கிறது. வெப்ப சென்சாரின் மின்னழுத்தத்தை டிகிரியாக மாற்றும் கணக்கு பத்து இடங்களில் சிதறிக் கிடந்தால், சென்சாரை மாற்றும் நாளில் பத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கணக்கை ஒரே கூறுக்குள் வைத்து, டிகிரியை மட்டும் வெளியே கொடுத்தால் மாற்றம் அங்கேயே முடிந்துவிடும்.

சப்சிஸ்டம் என்ற பெட்டிக்குள் பிளாக்குகளைத் தொகுப்பதே போதாதா என்று கேட்கலாம். சாதாரண சப்சிஸ்டம் படத்தைச் சுருக்குகிறது, எதையும் மறைப்பதில்லை. சிக்னலைக் கோடில்லாமல் கடத்தும் குளோபல் 'கோட்டூ' குறிகளும் பொதுத் தரவுச் சேமிப்புகளும் அதன் சுவரைத் தாண்டிச் செல்லும். அந்தத் தொடர்பு கோடாகக்கூடப் படத்தில் தெரியாது. ஒரு மாடலை இன்னொன்றுக்குள் அழைக்கும் மாடல் ரெஃபரன்ஸ் பெரும்பாலும் அப்படியல்ல. அது தனிக் கோப்பு, உள்ளீடும் வெளியீடும் வரையறுக்கப்பட்டவை, தனியாகச் சோதிக்கலாம். இருவர் ஒரே கோப்பைத் திருத்தி, பின்னர் இணைக்கத் திண்டாடுவதும் குறைகிறது.

கோப்புகள் பெருகும், சிறிய கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்துக்குச் சுமை கூடும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் எல்லாப் பெட்டியையும் தனி மாடலாக்க வேண்டியதில்லை. மாற்றம் வரக்கூடிய எல்லைகளில் மட்டும் செய்தால் போதும். வாகன மின்னணு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையும் கூறுகளின் அளவையும் இடைமுகங்களையும் கட்டுக்குள் வைக்கவே சொல்கிறது. மாடலை வரையத் தொடங்கும் முன், நாளை எது மாறும் என்ற பட்டியலை எழுதுங்கள். பெட்டிகளின் எல்லையை அந்தப் பட்டியல் தீர்மானிக்கட்டும்.