உங்களுக்குத் தெரியுமா? – கொள்ளைநோயும் வன்னி வீடும்

◆ போலியோ சொட்டு மருந்துக்காக இந்த மண்ணில் துவக்குகள் ஓய்ந்திருக்கின்றன. 1995இல் தொடங்கிய தேசிய நோய்த்தடுப்பு நாட்களில், பிள்ளைகளுக்குச் சொட்டு விடுவதற்காக போரிட்ட இரு தரப்பும் சண்டையை நிறுத்தி வழிவிட்டன. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். அதன்பின் ஒருவரும் இல்லை. இடம்பெயர்ந்து ஓடும்போதும் பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பொத்திக்கொண்டு போன தாய்மாருக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

◆ 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தபோது, கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் கூடாரம் கூடாரமாகப் பரவின. அந்தச் செங்கண்மாரியின் காரணி ஈரல் அழற்சி ஏ வைரஸ். மலத்தில் வெளியேறி, தண்ணீரோடும் கையோடும் அடுத்தவர் வாய்க்குள் போவது அது. கண் மஞ்சளாகத் தெரிவதற்கு முந்திய இரண்டு கிழமைகளில்தான் ஒருவரிடமிருந்து அது மிக அதிகமாகப் பரவுகிறது. ஆகவே, மஞ்சள் கண்டவரை மட்டும் ஒதுக்கிவைத்துப் பயனில்லை. அயலில் ஒருவருக்கு வந்தாலே வீட்டில் எல்லோரும் கொதித்தாறிய நீர்தான் குடிக்கவேண்டும். கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அது அவர் செய்யும் சலுகையல்ல, அவருடைய கடமை.

◆ கொரோனாக் காலத்தில் நாம் பழகிக்கொண்ட சானிடைசர், ஈரல் அழற்சி ஏ வைரசிடம் அவ்வளவாகப் பலிக்காது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் இரண்டுக்கும் உதவும்.

◆ இலங்கை கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவல் 2017இல் வந்தது. 1,86,000 பேருக்கு மேல் நோயாளிகள், 400க்கும் மேற்பட்ட இறப்புகள். டெங்குவில் மிக ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமல்ல, விடும் நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். ‘பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது’ என்று வீட்டார் ஆறுதலடையும் அதே நாளில் வயிற்றுநோ, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பனடோல் கொடுக்கலாம், அதுவும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில். அஸ்பிரினும் இபுபுரோஃபனும் வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இளநீர், கஞ்சி, ஜீவனி நல்லவை. சிவப்பு, மண்ணிறப் பானங்களை மட்டும் தவிருங்கள். வாந்தியில் வருவது பானமா இரத்தமா என்று வைத்தியருக்குத் தெரியவேண்டும்.

◆ டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில்லாமலும் பல மாதம் உயிரோடிருக்கும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் பரலில் நிறைத்துவைப்பது நம் ஊர் வழக்கம். வெறுமனே கவிழ்த்து ஊற்றினால் உள்சுவரில் ஒட்டிய முட்டை அடுத்த நிரப்பலில் பொரித்துவிடும். கிழமைக்கொருமுறை தும்பால் உரஞ்சிக் கழுவி, துணிகட்டி மூடிவையுங்கள்.

◆ மூச்சுக்காற்றில் பரவும் நோயென்றால் காற்றோட்டமே காப்பு. மீள்குடியேற்றத்தில் கட்டிய சிறிய வீடுகளில் நோயாளிக்கென்று தனியறை கேட்பது எளிதல்ல. ஆனால் விறாந்தை இருக்கிறது, வளவில் மாமர நிழல் இருக்கிறது. நோயாளியை அங்கே படுக்கவையுங்கள். பார்த்துக்கொள்ள ஒருவர் போதும். அவர் இளமையானவராகவும் நீரிழிவு, இதயநோய் இல்லாதவராகவும் இருக்கட்டும். அம்மம்மாவிடம் அந்த வேலையை விடவேண்டாம். இருவரும் முகக்கவசம் அணிந்து, கோப்பையும் துவாயும் வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

◆ கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்த அரசு, 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு இணங்கி, மார்ச்சில் பூநகரிக்கு அப்பாலுள்ள இரணைதீவைத் தேர்ந்தது. தீவு மக்கள் எதிர்த்தார்கள். அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன. உண்மையில், முறையான அடக்கத்தால் கொரோனா பரவும் என்பதற்குச் சான்றில்லை. அடக்கம், தகனம் இரண்டும் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் 2020லேயே கூறியிருந்தது. துக்கத்திலிருந்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் நடந்தது பெரும் அநியாயம். எபோலா வேறு வகை. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டழுத வீடுகளிலேயே அது கடுமையாகப் பரவியது. எந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று கேட்டறிந்த பிறகே அஞ்சவேண்டியதற்கு அஞ்சலாம்.

◆ 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. கட்டணம் கிடையாது. பெரியாஸ்பத்திரிக்குத் தொலைவான ஊர்களில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகத் தனித்திருக்கும் முதியவர்களுக்கு, அந்த நான்கு இலக்கங்களையும் கைத்தொலைபேசியில் இன்றே பதிந்துகொடுங்கள்.