நல்ல பிள்ளை கோபாலும் சியால்தா பள்ளிக்கூடமும்

தமிழ்நாட்டில் சில தலைமுறைகளுக்கு முன்வரையில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையில் ஆத்திசூடி எவ்விதம் வந்து சேர்ந்ததோ, அவ்விதமே வங்காளத்துப் பிள்ளையின் கையில் ஈசுவர சந்திர வித்யாசாகரின் ‘வர்ண பரிசயம்’ வந்து சேர்ந்தது. 1855-ஆம் ஆண்டில் இரண்டு பாகங்களாகக் கல்கத்தாவில் வெளியான அந்தச் சிறு நூலில், எழுத்துக்களைக் கற்று முடித்த குழந்தை வாக்கியங்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் இடத்தில், கோபால் என்றும் ராக்கால் என்றும் இரண்டு சிறுவர்கள் எதிர்ப்படுகிறார்கள். கோபால் தாய் தந்தையர் சொல்லைத் தட்டாதவன்; கொடுத்ததை உண்டு, கொடுத்ததை உடுத்து, உடன்பிறந்தவர்களோடு சச்சரவு செய்யாமல், வேளை தவறாமல் பள்ளிக்கூடம் போய் வருகிறவன். ராக்காலோ போகிற வழியிலெல்லாம் விளையாடிவிட்டு, எல்லாருக்கும் பின்னால் வகுப்புக்குள் நுழைகிறவன். கோபாலைப் போல இருக்க வேண்டும், ராக்காலைப் போல இருக்கலாகாது என்பதில் நூலாசிரியருக்கு யாதொரு சந்தேகமும் இல்லை.

இரண்டாம் பாகத்தில் வரும் புவனன் கதை இதைவிடக் கடுமையானது. தாய் தந்தையரை இழந்து சிற்றன்னையிடம் வளர்ந்த அந்தப் பையன், பள்ளிக்கூடத்தில் உடன் படித்த ஒருவனுடைய புத்தகத்தைத் திருடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். சிற்றன்னை அறிந்தும் கண்டிக்காமல் விட்டுவிடுகிறாள். புத்தகத்தில் தொடங்கிய கை பிறகு நிற்கவில்லை. கடைசியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட நிலையில், அவளிடம் ஒரு வார்த்தை ரகசியமாகச் சொல்ல வேண்டும் என்று அருகே அழைத்து, நீ அன்றே என்னைக் கண்டித்திருக்கக் கூடாதா என்னும் ஆற்றாமையினால் அவளுடைய காதைப் பற்களால் கடித்துத் துண்டித்து விடுகிறான். ஆறு வயதுக் குழந்தைக்கு இது ஏற்ற கதைதானா என்று இக்காலத்துப் பெற்றோர் கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆயினும் கண்டிக்க வேண்டிய கடமை பெரியவர்களுடையது என்று பெரியவர்களையே குற்றக் கூண்டில் நிறுத்துகிற தைரியம் நீதிபோதனை நூல்களில் அபூர்வமாகவே காணப்படுவது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வித்யாசாகரைப் பற்றி எழுதப் புகுந்த ரவீந்திரநாதர், இந்தக் கோபாலின் மேல் அவ்வளவாகப் பிரியம் காட்டவில்லை. வங்காளத்தில் அடங்கி நடக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை என்றும், கோபாலைப் படைத்தவரே பால்யத்தில் ராக்காலுக்கு நெருங்கிய உறவினராகத்தான் இருந்தார் என்றும் அவர் மிகுந்த ரசனையோடு எடுத்துக் காட்டினார். சலவைத் துணியை உடுத்திக்கொள் என்றால் அழுக்குத் துணியையும், குளி என்றால் குளிக்காமல் நிற்பதையும் பற்றிக்கொள்ளும் சுபாவம் உடைய அந்தச் சிறுவனிடம், தந்தை தாம் விரும்பியதற்கு நேர்மாறாகவே கட்டளையிட்டுக் காரியத்தைச் சாதித்துக்கொண்டாராம். பணிவு என்னும் ஒரே குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரஜைகளை உண்டாக்க முடியாது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஏனெனில், கோபாலின் குணங்கள் யாவும் வீட்டின் வாசற்படிக்குள் அடங்கியவை. தன் வீட்டைப் போன்றதல்லாத ஒரு வீட்டிலிருந்து, தன் சாமியைக் கும்பிடாத, தன் பாஷையைப் பேசாத, தன்னைப் போல் வயிறாரச் சாப்பிட்டு வராத ஒரு குழந்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கோபால் என்ன செய்வான் என்பதைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு சொல்லும் கிடையாது.

அந்தக் கேள்விக்கு வித்யாசாகர் புத்தகத்தில் பதில் எழுதவில்லையே தவிர, பதவியில் எழுதினார். 1851-இல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவரானவர், பிராமணர், வைத்தியர் ஆகிய சாதியினருக்கு மட்டுமே உரியதாயிருந்த அதன் கதவைக் காயஸ்தர்களுக்கும், பின்னர் மற்ற இந்து மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். எல்லா மதத்தினருக்கும் அது திறக்கவில்லைதான்; அந்தக் காலத்துக்கு அவ்வளவே பெரிய காரியம். கோபாலின் கதையைப் படித்து எத்தனை பேர் கோபால் ஆனார்கள் என்று யாரும் கணக்கெடுக்க முடியாது. வகுப்பறையில் யார் யார் பக்கத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதோ அன்றாடம் கண்ணெதிரே நடக்கிற பாடம்.

நம் பக்கத்திலும் இதற்கு மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசபக்தியையும் தமிழையும் ஒழுக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும் என்னும் உத்தம நோக்கத்தோடுதான் ஆரம்பிக்கப்பட்டது. ஆயினும் பிராமணச் சிறுவர்கள் இருவருக்கு மட்டும் தனியே உணவு படைக்கப்படுகிறது என்ற செய்தி வெளியே வந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எழுப்பிய எதிர்ப்பில் 1925-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு அரசியலே கலங்கிற்று. அங்கே வகுப்பில் போதித்தது எதுவும் இன்று யாருக்கும் நினைவில்லை. அந்தப் பந்தி மட்டுமே நினைவில் நிற்கிறது.

இனி கல்கத்தாவுக்கே திரும்பி, சியால்தா ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், மௌலாலிக்குப் பக்கத்தில் லொரெட்டோ பகல் பள்ளியைக் காணலாம். அயர்லாந்திலிருந்து 1841-இல் கல்கத்தாவுக்கு வந்த லொரெட்டோ கன்னிகாஸ்திரீகள் 1857-இல் நிறுவிய பெண்கள் பள்ளி அது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் மாதக்கணக்காக நடைமேடைகளிலேயே குடியிருந்த ரயில் நிலையம் சியால்தா. அதைச் சுற்றிய நடைபாதைகளில் பிறந்து அங்கேயே வளர்கிற குழந்தைகள் அந்தப் பேட்டைக்குப் புதியவர்களல்லர். இங்கிலீஷ் படிக்கும் நல்ல குடும்பத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கதவுக்குள்ளேயும், அந்தக் குழந்தைகள் கதவுக்கு வெளியேயுமாகப் பல காலம் கழிந்தது.

1979-இல் சிஸ்டர் சிரில் மூனி அங்கே தலைமை ஆசிரியையாக வந்தார். அயர்லாந்தில் பிறந்து, இருபதாம் வயதில் இந்தியாவுக்கு வந்து, விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். தமிழ் வாசகர்களுக்கு அயர்லாந்து என்றவுடன் பாரதியார் குருவாகக் கொண்டாடிய நிவேதிதையின் நினைவு வரும். அவரும் கல்கத்தாவின் பாக்பஜாரில் 1898-இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தவரே. நிவேதிதை இந்த நாட்டின் மரபுக்குள் புகுந்து வேலை செய்தார். சிஸ்டர் சிரிலோ தமக்கென்று வாய்த்த ஸ்தாபனத்தின் கதவையே முதலில் சோதித்தார். அவர் வந்தபோது சுமார் 790 மாணவிகளில் 90 பேர் மட்டுமே ஏழைகள். இருபது ஆண்டுகளுக்குள் மாணவிகளின் தொகை 1,400 அளவுக்கு உயர்ந்தது. அவர்களில் பாதிப் பேர் கட்டணமின்றிப் படிக்கும் சேரிக் குழந்தைகள். உடை ஒன்று, பெஞ்சு ஒன்று, பாடம் ஒன்று. பின்னாளில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை எளியவர்களுக்கு ஒதுக்கியபோது, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் விலக்களித்துவிட்டது. சட்டம் கேட்காத இடத்தில், சட்டம் கேட்டதைப் போல் இருமடங்கை, சட்டம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னரே ஒரு பள்ளி செய்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் என் அபிப்பிராயத்தில் இதைக் காட்டிலும் விசேஷமானது 1985-இல் தொடங்கிய ‘ரெயின்போ’, அதாவது வானவில் ஏற்பாடு. நடைபாதைக் குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்கு வர முடியாது. அது காகிதம் பொறுக்கப் போகும். கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ளும். போலீஸார் விரட்டினால் வேறிடம் போய்விடும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நான்கு நாள் வராத குழந்தை ஐந்தாம் நாள் வந்தால் பாடம் அதை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கும். வெட்கப்பட்டு அது நின்றுவிடும். ஆகையால் வகுப்பே வேண்டாம், ஒரு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்துவிட்டால், எப்போது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா? அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, அந்தப் பள்ளியிலேயே படிக்கும் பெண்கள்தான் விடையானார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள மாணவிகளுக்குப் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருந்த வேலைக் கல்விக்குரிய நேரத்தையே எடுத்து, ஒவ்வொருத்தியும் ஒரு வானவில் குழந்தையோடு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிட்டார்கள்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி, ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைவிட ஒரு வயது மூத்தவளாகவும் இருக்கக்கூடிய ஒரு குழந்தைக்கு எழுத்து சொல்லித் தருவதை எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவளுக்கு ‘அ’ தெரியாது. ஆனால் ஒரு கிலோ பழைய காகிதத்துக்கு எவ்வளவு கிடைக்கும், அதில் கடைக்காரன் எவ்வளவு பிடித்துக்கொள்வான் என்பதை மனக்கணக்காகச் சொல்லுவாள். கழித்தல் கணக்கில் இவள் திணறினால் அவள் சிரிப்பாள். மணி அடித்தவுடன் இந்தப் பெண் எழுந்து தன் வகுப்புக்குப் போக, வேறொரு வகுப்புப் பெண் அவள் இடத்தில் வந்து உட்காருகிறாள். மரியாதை என்னும் பதத்தை யாரும் உச்சரிக்காமலேயே, ஒருவரையொருவர் அளந்து பார்த்து, இவளுக்கும் ஏதோ தெரியும் என்று ஒப்புக்கொள்ளும் காரியம் அங்கே நடந்துவிடுகிறது. தயாரான குழந்தைகளை அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் உரிய வகுப்பில் சேர்த்தார்கள். இரவில் பாதுகாப்பில்லாத பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டடமே வீடாகவும் ஆயிற்று. வாரத்தில் ஒரு நாள் மாணவிகள் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்து வரும் வழக்கமும் உண்டாயிற்று.

இது பணக்காரக் குழந்தைகளின் மனத்தில் இரக்கத்தை வளர்க்குமே அல்லாமல் சமத்துவத்தை வளர்க்காது என்று ஆட்சேபிக்கலாம். அற்பமான ஆட்சேபம் அல்ல. வருஷத்துக்கு ஒரு முறை அநாதை இல்லத்துக்குப் போய் இனிப்புக் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பள்ளிகளைப் பார்க்கையில் எனக்கும் அதே எண்ணம்தான் தோன்றுகிறது. கொடுக்கிறவன் கை எப்போதும் மேலேயே இருக்கும் பழக்கத்தை அது குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறது. சியால்தாவில் அந்த அபாயம் அறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிக் கொடுக்கும் மாணவிகளிலேயே பாதிப் பேர் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பதும், சொல்லிக் கொடுப்பது ஒரு நாள் வைபவமாக இல்லாமல் கணக்கையும் பூகோளத்தையும் போல அட்டவணையில் ஒரு வரியாக இருந்தது என்பதும் அந்த அபாயத்தைப் பெருமளவு குறைத்திருக்க வேண்டும். வாரந்தோறும் பார்க்கிற ஒருத்தியிடம் இரக்கம் அதிக நாள் தாங்காது. சிநேகமாகவோ சண்டையாகவோ அது மாறித்தான் ஆக வேண்டும், இரண்டும் இரக்கத்தைவிட மேலானவையே.

புத்தகமே வேண்டாம் என்பதல்ல. சிஸ்டர் சிரிலே ‘வீ ஆர் த வேர்ல்ட்’ என்ற பெயரில் வகுப்புக்கு ஒன்றாக நீதிக்கல்விப் புத்தகங்களை எழுதினார். முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்று நமது அரசியல் சாசனம் சொல்கிறது; ஆனால் பல மதங்களைப் பற்றியும் குழந்தைகளுக்கு அறிவிப்பது மதபோதனை ஆகாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஈத் என்றால் என்ன, சரஸ்வதி பூஜை என்றால் என்ன என்று வகுப்பில் பேசுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. கல்கத்தாவைப் போல 1946 ஆகஸ்டில் மதக் கலவரத்தில் தெருத்தெருவாக ரத்தம் சிந்திய நகரத்தில், அந்தப் பேச்சு ஆரம்பப் பள்ளியிலேயே தொடங்க வேண்டிய அவசியத்தை விளக்கவும் வேண்டியதில்லை.

1994-இல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசு அந்தப் பள்ளிக்குக் கிடைத்தது. 2007-இல் சிஸ்டர் சிரிலுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. 2011-இல் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகிய அவர் 2023-இல் கல்கத்தாவிலேயே காலமானார். பள்ளிக் கட்டடத்தையே வீடாக்கும் அந்த முறையில் அமைந்த வானவில் இல்லங்கள் ஹைதராபாத், தில்லி, சென்னை முதலிய நகரங்களுக்கும் பரவியிருக்கின்றன. அரசாங்கப் பள்ளிகளில் உபயோகமில்லாமல் கிடந்த அறைகள் அவற்றிற்கு இடமளித்தன. இல்லம் நடத்தக் கட்டடமும் சமையலும் காவலும் நன்கொடையும் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டின் மற்றப் பாதியாகிய, கால அட்டவணையில் எழுதிய அந்த ஒரு வரிக்குச் செலவு ஏதும் கிடையாது. கைத்தொழில் என்றோ, சமுதாயப் பணி என்றோ பெயர் சூட்டிய பாடவேளை நம்மூர்ப் பள்ளிகளிலும் இருக்கிறது. பெரும்பாலும் அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் வந்து விட்டுப்போன கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.